சாரலில் ஒரு கன்டென்சர் மைக்

கழுத்தில் கட்டி இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு உயிர்ப்பயம் வரவில்லை. நல்ல மைக் ஒன்று வாங்க வேண்டும் என்றுதான் தோன்றியது. இப்படி ஒரு கிறுக்கனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

தைராய்டு கட்டிதான், ஆபத்தில்லை, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார் அந்தத் திருநெல்வேலி டாக்டர். ஆறு வாரம் கழித்து ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். கிளம்புகிற நேரத்தில் என் மனைவி, "இவங்க கச்சேரில பாடுதவங்க டாக்டர்" என்றாள். பேனாவை மூடப்போனவர் நிமிர்ந்து பார்த்தார். "குரலுக்குப் போற நரம்பு பக்கத்துலேயே ஓடுது. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா குரல் மாறினாலும் மாறலாம். முன்னாடியே சொல்லிடறது நல்லது" என்றார்.

எனக்குச் சோறு போடுவது குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர் வேலை. கோயில் கொடை, கல்யாண வரவேற்பு என்று இருபது வருஷமாக மெல்லிசைக் குழுவில் பாடியது தலைக்கனத்துக்கு. சும்மா சொல்லக் கூடாது, பாட்டு மேலே ஏறுகிற இடம் வந்தால், பந்தியில் கேசரி எடுத்த கை வாய்க்குப் போகாமல் நிற்கும். ஆனால் ஒரு பாட்டைக்கூட ஒழுங்காகப் பதிந்து வைத்ததில்லை. யாராவது போனில் எடுத்த வீடியோவில் என் குரலைவிட அவர்கள் வீட்டுப் பிள்ளை அழுகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்கும்.

தென்காசிக்குத் திரும்புகிற பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். பத்துப் பாட்டு. வீட்டிலேயே, ஸ்டூடியோ தரத்தில். ஆபரேஷனுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

"பத்தெல்லாம் எதுக்கு? சாயங்காலம் வீட்டுல ஒண்ணு பாடுவீங்கள்லா, அது ஒண்ணு போதும் எனக்கு. போன்லேயே பதிஞ்சிருவோம்" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி.

"போன்லயா? போன்ல பதியதுக்கா நான் இருபது வருஷமா தொண்டையத் தீட்டி வச்சிருக்கேன்?" என்று கேட்டேன். இந்த ஒரு பேச்சுக்காகவே என்னைச் செருப்பால் அடிக்கலாம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் எங்கள் குழுவுக்கு மைக் செட் போடுகிற அண்ணாச்சியிடம் போனேன். ஆம்ப்ளிபயருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவர், கன்டென்சர் மைக் என்றதும் தலையை வெளியே எடுத்தார்.

"உமக்கு எதுக்கு வே அது? மேடையில பிடிச்சிப் பாடுதீரே, அந்த டைனமிக் மைக்கே போதும். வாய்க்குப் பக்கத்துல இருக்கத மட்டும் எடுக்கும். கன்டென்சர் ஊர்ல இருக்க அத்தனை சத்தத்தையும் அள்ளிட்டு வந்துரும். அதுவும் இந்தச் சீசன்ல. உள்ள சவ்வு மாதிரி ஒரு மெல்லிசான தகடு இருக்கும். ஈரம் ஏறிட்டா பொரிய ஆரம்பிச்சிரும். எங்கிட்டயே ஒரு மைக் சும்மா கிடக்கு, எடுத்துட்டுப் போவும்."

முப்பது வருஷமாக மைக்கோடு வாழ்கிற மனுஷன். நான் என்ன செய்தேன்? இவருக்குப் புதுசு எதுவும் தெரியாது போல என்று நினைத்துக்கொண்டு, காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்து மைக் வீடியோக்களாகப் பார்க்க ஆரம்பித்தேன். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறையில் உட்கார்ந்து ஒருவன் நாலு மைக்கில் ஒரே வரியைப் பேசுவான். எனக்கு நாலும் ஒன்று போலத்தான் கேட்கும். ஆனாலும் தலையை ஆட்டிக்கொள்வேன். பத்தாம் வகுப்பில் இயற்பியலுக்குப் பயந்து காய்ச்சல் என்று படுத்தவன், இப்போது டயாப்ரம், கார்டியாய்டு என்று வாய் ஓயாமல் பேசினேன். அருவியில் குளிக்க வந்த ஒரு குடும்பம் வெந்நீர் கேட்டு நின்றது. அவர்களுக்கு மைக்கின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று விளக்கினேன். பாவம், அந்த மனுஷன் பச்சைத் தண்ணீரிலேயே குளித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

விலை கட்டுப்படியாகிற மைக்கே ஏழெட்டு இருந்தது. இன்று ஒன்று பிடிக்கும். யாராவது அதன் கீழே 'இரைச்சல் வருகிறது' என்று எழுதியிருப்பான். நாளை வேறொன்று பிடிக்கும். இப்படியே மூன்று வாரம் ஓடியது. மூன்று வாரத்தில் ஒரு பாட்டுக்கூடப் பாடவில்லை. தொண்டையைப் பாதுகாக்கிறேனாம்.

கடைசியில் படத்தில் எது கம்பீரமாக இருந்ததோ அதை வாங்கினேன். மூன்று வார ஆராய்ச்சியின் லட்சணம் அது. வந்ததும் மாலை போடாத குறையாக மேஜையில் நிறுத்தி, லேப்டாப்பில் சொருகப் பார்த்தால் வயர் எதிலும் சேரவில்லை. அந்த மைக்குக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்க வேண்டுமாம், அதற்கு ஒரு பெட்டி வேண்டுமாம். எல்லா வீடியோவிலும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். நான்தான் அந்த இடத்தை ஓட்டிவிட்டுப் பார்த்திருக்கிறேன். பெட்டி வருவதற்கு இன்னும் எட்டு நாள் போயிற்று.

பெட்டி வந்த அன்று சாரல் வந்தது. அப்போதுதான் என் வீட்டில் எத்தனை சத்தம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது. பின்பக்கத் தகரக் கொட்டகையில் சாரல் விழுகிற சத்தம். அடுத்த வீட்டு குக்கர். தெருமுனையில் பஸ் ஹாரன். எங்கேயோ ஒரு மயில். அதோடு எங்கள் மிக்சி. அண்ணாச்சி சொன்ன மாதிரியே மொத்த ஊரையும் மைக் அள்ளிக்கொண்டு வந்தது.

விடுவேனா? லாட்ஜிலிருந்து ஒரு ஆட்டோ நிறையக் கம்பளி கொண்டுவந்தேன். சீசனுக்கு வந்தவர்கள் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, சரியாகத் துடைக்காமல் போர்த்திய கம்பளிகள். சுவரைச் சுற்றி ஆணி அடித்து மாட்டினேன். வீடே எண்ணெய்ச் செட்டி கடை மாதிரி மணத்தது. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "எப்பதான் பாடுவீங்க?" என்றாள். "செக் பண்ணிட்டிருக்கேன்லா, தெரியல?" என்று எரிந்து விழுந்தேன்.

ரெண்டு நாளில் மைக் பொரிய ஆரம்பித்தது. கடலை வறுக்கிற மாதிரி பொட்பொட்டென்று சத்தம். போன் நனைந்தால் அரிசிக்குள் போடுவார்களே என்று மைக்கை எங்கள் அரிசி டிரம்மில் புதைத்தேன். காலையில் உலை வைக்க அரிசி அள்ளப்போனவள் கையில் மைக் வந்தது.

"இனிமே இதையும் சேத்து வடிக்கணுமா?"

அப்புறம் ஒரு நாள் பாலித்தீன் பையில், ஒரு நாள் பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு நடுவில். இப்படி மைக்கைச் சீராட்டியே மிச்ச நாளும் போயிற்று. ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம், ஒரு வழியாகப் பொரிவது நின்றது. கம்பளிகளை இழுத்துவிட்டேன். சுருதி வைத்தேன். வெளியே சாரல் பெருமழையாகப் பிடித்துக்கொண்டது. நிற்கும் என்று காத்திருந்தேன். விடிகாலை திருநெல்வேலிக்குப் போகிற கார் வாசலில் வந்து நின்றுவிட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் தப்பு எதுவும் செய்யவில்லை. சொன்னது நடந்தது, அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்துப் பாடிப் பார்த்தபோது கீழே கரகரவென்று ஏதோ வந்தது. மேலே ஏறப்போனால் வெறும் காற்று. ஆறு மாதம் போகட்டும் பார்ப்போம் என்றார் டாக்டர். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பொய் சொல்ல என்ன இருக்கிறது?

ஐப்பசி மழையில் லாட்ஜில் ஆள் இல்லாத ஒரு நாள், வீட்டுக்குச் சீக்கிரம் வந்து லேப்டாப்பைத் திறந்தேன். பதிவுகள் நாற்பத்தொன்று இருந்தன. அடேயப்பா, இத்தனையா பதிந்தோம், ஏதாவது ஒன்றில் நாலு வரியாவது பாடியிருப்பேன் என்று மனசு துள்ளியது. அவளையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

முதல் பதிவு: "செக்... செக்... ஒன் டூ த்ரீ." இரண்டாவதும் அதே. ஏழாவதில், வாய்க்கும் மைக்குக்கும் எத்தனை விரற்கடை இடைவெளி வேண்டும் என்று எனக்கு நானே பாடம் நடத்துகிறேன். பதினைந்தாவதில் மயிலைத் திட்டுகிறேன். கம்பளி, குக்கர், செக், செக். எல்லாவற்றிலும் என் பழைய குரல், மணி மாதிரி. ஒன்றில்கூடப் பாட்டு இல்லை. என்னைப்போல ஒரு முட்டாள் தென்காசியில் இன்னொருவன் உண்டா?

நாற்பத்தொன்றாவதைத் தட்டினேன். கடைசி சாயங்காலம்.

"ஏட்டி, அந்த மிக்சிய நிப்பாட்டு. நான் பாடப் போறேன்."

மிக்சி நிற்கிறது. அடுப்படியிலிருந்து அவள் குரல்: "நிப்பாட்டிட்டேன். பாடுங்க."

தகரத்தில் மழை. நான் தொண்டையைச் செருமுகிற சத்தம். மறுபடியும் மழை, ரொம்ப நேரத்துக்கு.

"மழ நிக்கட்டும்."

அதோடு பதிவு முடிந்தது. நான் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகம் இல்லை.

அவள் எழுந்தாள். அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடிவிட்டு வந்தாள். தன் போனை எடுத்து, பதிகிற பட்டனை அமுக்கி, மேஜையில் காபித் தம்ளரில் சாய்த்து வைத்தாள்.

"பாடுங்க" என்றாள்.

வெளியே மழை நிற்கவில்லை. இந்தக் குரலிலேயே பாடினேன்.