மின்னாத கண்ணாடி

டூட்டிங்கில் கமரா விற்கிற கடை ஒன்றில் எங்கள் நாட்டுக்காரர் ஒருவர் வேலை செய்தார். மெலிந்த உடம்பு, கழுத்துவரை பூட்டிய சட்டை. கவுண்டரில் எடுத்து வைக்கிற ஒவ்வொரு பைனாகுலரையும், அதன் கண்ணாடி தன்னைப் பாராதபடி திருப்பி வைத்தார்.

எங்கள் மனேஜர் ஸ்கொட்லாந்துக்கு மான் வேட்டைக்குப் போகிறவர். அவருடைய பிறந்தநாளுக்கு ஒபிஸில் காசு சேர்த்து, பைனாகுலர் வாங்க என்னை அனுப்பியிருந்தார்கள். மலிவானது ஒன்றைக் கேட்டேன்.

"எட்டு மடங்கு பெருப்பிச்சுக் காட்டுறது போதும் தம்பி. பத்தெண்டால் கை ஆடுறது தெரியும். ஆனா மலிஞ்சது வேண்டாம். வெயில் பட்டால் மின்னும், மான் கண்டிடும்."

"அண்ணை வேட்டைக்குப் போறனீங்களோ?"

"இல்லை. ஊரிலை சண்டை நேரம் ஒருத்தன் பற்றைக் காட்டுக்குள்ளை இருந்து என்னைப் பாத்துக்கொண்டிருந்தவன். அவன்ரை பைனாகுலர் மலிஞ்சது. மின்னினபடியாலை நான் ஓடித் தப்பினனான்."

சொல்லிவிட்டு விலை கூடினதைப் பெட்டியில் போட்டுத் தந்தார். நானும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த மாதம் மனேஜர் தான் சுட்ட மானின் படத்தை எல்லாருக்கும் காட்டினார். கடைசிவரை அது தன்னைக் காணவேயில்லை என்றார்.

அந்தக் கடைப் பக்கம் நான் பிறகு போகவில்லை. அவரிடம் நான் முதலில் கேட்டது, வெயிலில் மின்னுகிற மலிவானதைத்தான்.