பொம்மை மிஸ்

என் குரலில் ஒரு பொம்மை பாடம் நடத்தப் போகிறது என்று டியூட்டரியை நடத்தும் சேர் சொன்னபோது, நான் முதலில் அவருடைய முகத்தைத்தான் பார்த்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் அவருடைய டியூஷன் நிலையத்தில் பதினெட்டு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒரு நாளும் என் தொண்டையைப் பற்றி விசாரித்திராத மனிதர் அன்று, "மிஸ்ஸுக்கும் தொண்டை நோகாதுதானே" என்றார். அந்த அக்கறை எனக்குச் சரியாகப் படவில்லை.

கம்பியூட்டரில் பொம்மையைக் காட்டினார். சேலை, பொட்டு, கண்ணாடி எல்லாம் இருந்தது. என்னைவிடப் பத்து வயது குறைவு. வாய் அசைந்தது, வந்தது என் குரல். இருமல் இல்லை, மூச்சு வாங்கவும் இல்லை. "விளங்கினதோ பிள்ளையள்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

"அப்ப என்ர வகுப்பு?" என்று கேட்டேன்.

"மூண்டு மாசம் பாப்பம் மிஸ். பிள்ளையளுக்குப் பிடிச்சால் சனிக்கிழமை வகுப்பு தேவைப்படாது."

வகுப்புக்கு வராத பிள்ளைகளுக்கென்று சொல்லி, போன வருடம் முழுக்க என் வகுப்பை அவர் ஃபோனில் பதிந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. என்னை வைத்தே எனக்குக் குழி. வீம்பில் பொம்மையின் வீடியோக்களில் ஒன்றைக்கூட நான் போட்டுப் பார்க்கவில்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பாடத்தின் நடுவே வேண்டுமென்றே ஒன்றைப் பிழையாகச் சொல்வேன். எவராவது "மிஸ், பிழை" என்று கத்தும்வரை அப்படியே நிற்பேன். கத்தியதும், "ஒராளாவது முழிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தொடர்வேன். எல்லோரும் சேர்ந்து "ஓம் மிஸ்" என்று சொல்வதை நம்பிப் பலமுறை ஏமாந்த பிறகு பிடித்த பழக்கம் அது.

அடுத்த மாதம் இதயம் பற்றிய பாடத்தை மீட்டிப் பார்த்தோம். இந்த வருடத்துப் பிள்ளைகள், வீட்டில் பொம்மையிடம் படித்துவிட்டு வந்திருந்தார்கள். "பெருநாடி இதயத்தின்ர வலது பக்கத்தில இருந்து வெளிக்கிடுது" என்று சொல்லிவிட்டுக் காத்து நின்றேன். இடது பக்கம் என்று புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வரும், எப்போதும் முதல் ஆளாகக் கத்தும் பிள்ளைகூடத் தலையை ஆட்டினாள்.

"ஏன் ஒருத்தரும் பிழை எண்டு சொல்லேல்லை?"

"வீடியோவிலயும் வலது எண்டுதானே மிஸ் சொன்னனீங்கள்" என்று அவள் கொப்பியைக் காட்டினாள். சிவப்புப் பேனையால் அடிக்கோடு வேறு போட்டிருந்தாள்.

பொம்மையைச் செய்தவர்கள் போன வருடப் பதிவுகளிலிருந்து பிள்ளைகளின் சத்தத்தையெல்லாம் வெட்டியெறிந்திருக்கிறார்கள். "மிஸ், பிழை" போய்விட்டது. பிழை மட்டும் என் குரலில் தங்கிவிட்டது. எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இந்தக் கொப்பியை சேரிடம் காட்டினால் பொம்மையின் கதை முடிந்துவிடும், என் சனிக்கிழமை எனக்கே.

"அதை வெட்டுங்கோ. அது பொம்மை சொன்னது. இடது பக்கம்தான் சரி" என்றேன்.

ஒருவரும் வெட்டவில்லை. அவள் பேனையைக் கையில் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தாள். அன்று சேரின் முகத்தை நான் பார்த்ததும் இப்படித்தான்.

"இப்ப சொல்லுறது உண்மையா மிஸ், இல்லாட்டி இதுவும் எங்களைச் சோதிக்கிறதோ?"

பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக, என் சொல்லுக்குச் சாட்சியாகப் பாடப்புத்தகத்தை விரித்து அந்த வரியை வாசித்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் பேனைகள் அசைந்தன.