மேற்குப் பாறையில் ஒரு குறி

கிணற்றில் வேட்டு வைக்கிறவன் பிழைப்பு இப்படி: தண்ணீர் வந்தால் அவனுக்குக் காப்பி, வராவிட்டால் அவன் வம்சத்துக்கே வசவு. அடுத்தவர் நிலத்தில் கை வைத்துப் பிழைக்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளில் வடகரப்பதிப் பக்கம் பாறை துளைக்கும் கம்ப்ரசரோடு நான் இறங்கிய கிணறுகளில் ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை.

மூன்று திட்டுகள்

ஆறுச்சாமி அண்ணன் கிணற்றுக்குள், ஆள் உட்காரும் அகலத்தில் மூன்று திட்டுகள் உண்டு. அவர் தாத்தா வெட்டி நிறுத்திய ஆழம் முதலாவது, அப்பா நிறுத்தியது இரண்டாவது, அவரே நிறுத்தியது மூன்றாவது. இரண்டாவது திட்டுக்குச் சற்று மேலே, மேற்குப் பாறையில், அப்பா உளியால் கொத்திய ஒரு பெருக்கல் குறி. அந்தப் பக்கம் கை வைக்காதே என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஏன் என்று சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

கிழக்கிலேயே வேட்டு வைத்தோம். ஊற்று கண் திறந்தது. அண்ணன் கயிற்றைப் பிடித்து இறங்கி வந்து தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"அப்பன் உட்ட எடத்துல இருந்துதானுங்க மேஸ்திரி நான் எடுத்தேன். புதுசா ஒண்ணும் பண்ணலீங்க."

அண்ணன் இல்லாத நாள்

இரண்டு வருஷம் கழித்து மழை பொய்த்தது. மறுபடி ஆழப்படுத்தப் போனேன். அண்ணன் தன் மகள் கல்யாணம் பேச நல்லேப்பிள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கிழக்கு மட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கிழக்கில் பாறை இரும்பாக நின்றது. மேற்கில் ஈரம் கசிந்தது. ஈரத்தைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கை நிற்காது. உளி பிடித்த காலத்து மனிதர் உடைக்க முடியாமல் போட்ட குறி என்று நினைத்தேன். அன்று எனக்கு அவ்வளவு திமிர். மேற்கில் வேட்டு வைத்தேன்.

புகை அடங்கி இறங்கினோம். கிழக்கு ஊற்றுத் தண்ணீர் தரையில் ஓடி வந்து, மேற்கில் புதிதாகப் பிளந்த வெடிப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. கூட்டாளி பழனி வெடிப்பில் காதை வைத்துக் கேட்டான்.

"நிக்காதுங்கண்ணா. கீழ எங்கியோ உளுகுது."

உளி

களிமண், சிமெண்ட் எல்லாம் போட்டு அடைத்துப் பார்த்தோம். நிற்கவில்லை. தென்னை காய்ந்தது. தோப்பைப் பார்க்க வந்த நல்லேப்பிள்ளிக்காரர்கள் கல்யாணப் பேச்சை அப்படியே விட்டுவிட்டார்கள். அண்ணன் மாட்டுப்பட்டிப் பக்கம் புல் அறுக்கும் வேலைக்குக் கிளம்பினார்.

போகும் முன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அடி வாங்கத் தயாராகத்தான் போனேன். வாங்கியிருந்தால் மனசு ஆறியிருக்கும். அவர் உளி கேட்டார். அப்பாவின் குறிக்குக் கீழே ஒரு பகல் முழுதும் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகக் கொத்தினார்: 'இங்கே வேட்டு வைத்தால் தண்ணீர் ஓடிவிடும்.' வைத்தவன் பெயரைக் கொத்தவில்லை.

"அப்பன் குறி வெச்சாரு, காரணம் வெக்கலீங்க. நான் வெச்சுட்டேன். என்னிக்காச்சும் ஒருத்தன் இதெ அடைச்சுட்டு மறுக்கா எறங்குவானுங்க."

இப்போது எந்தக் கிணற்றில் இறங்கினாலும் முதலில் சுவரைத்தான் படிக்கிறேன். நான் படித்த படிப்பே அவ்வளவுதான், அதற்குப் பீஸ் கட்டியவர் மட்டும் ஆறுச்சாமி அண்ணன்.