பனியனில் ஒரு அம்மா

பனியன் நகரத்து ராயபுரத்தில் ஒரு பிரிண்டிங் கம்பெனியில் படம் வரைந்துகொண்டிருந்தேன். கைக்குழந்தைகளின் பனியனில் அச்சடிக்க, பிள்ளையை அணைத்திருக்கும் அம்மா படம் வேண்டுமென்று வெளிநாட்டு ஆர்டர் வந்தது. அம்மா படம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. குனிந்த முகம், பாதி மூடிய கண், மாறாத சிரிப்பு. எல்லாம் காலண்டர்களைப் பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்தது.

மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். "ஏனுங்க அம்மிணி, இது சாமி படமாட்ட இருக்குதுங்க. உங்க ஊட்லயே கைக்கொழந்தை இருக்குதல்லங்க? அதைப் பாத்து வரையுங்க."

ஞாயிற்றுக்கிழமை பீரோ கண்ணாடி முன்னால் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வில்லாக வளைந்து அலறினாள். தவழத் தொடங்கும் முன்பே அவளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியவள் நான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அந்த அக்கா, சத்தம் கேட்டு ஓடிவந்து அவளை வாங்கியதும் அழுகை நின்றது. அவர் காது மடலைப் பிடித்து உருட்டிக்கொண்டே மகள் தூங்கிப்போனாள். அப்படி ஒரு பழக்கம் அவளுக்கு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வெட்கமாக இருந்தது. ஆனாலும் பென்சிலை எடுத்தேன். படம் வேண்டுமே!

படம் ஓகே ஆனது. "பெத்தவ வரைஞ்சா இப்படித்தானுங்க வரும்" என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னார். உடம்பு கூசியது. பல்லைக் காட்டிவிட்டு என் மேசைக்குப் போனேன்.

சாயம் லேசாகக் கசிந்ததால் கழித்துப் போட்ட பனியன் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து மகளுக்குப் போட்டேன். அக்காவுக்குக் கண் விரிந்தது.

"ஏ தங்கச்சி, இது என் காதுல்லா!"

சொன்ன கையோடு என் முகத்தைப் பார்த்துவிட்டார். என்னவோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் போலக் குரல் இறங்கியது. "சின்னப் பிள்ளைல்லா, அதுக்கு என்ன தெரியும்? உங்கிட்டயும் ஒட்டிக்கிடும்."

மறுநாளிலிருந்து நான் வீட்டில் இருக்கும்போது அவர் குழந்தையைத் தூக்கவில்லை. அவள் கை நீட்டி அழுவாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். என்னிடம் அடங்கட்டும் என்று எனக்காகக் காத்திருந்தார். அவள் அடங்கவில்லை. அந்த நல்ல மனசுக்கு முன்னால் நிற்க எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வேலைக்குச் சீக்கிரமே கிளம்ப ஆரம்பித்தேன். நான் தெருமுனை திரும்புவதற்குள் அழுகை நின்றுவிடும்.