கோபத்தில் வந்த மொழி

சிலி நாட்டிலிருந்து ஓராண்டு படிப்புக்காக ஹங்கேரியின் செகெட் நகரத்துக்கு வந்த ரெனாட்டா, தபால் ஊழியர் பிரோஷ்காவின் வீட்டில் தங்கியிருந்தாள். அந்த ஊர் மொழி அவளுக்கு லேசில் பிடிபடவில்லை. குளிர்காலம் முடிந்த பிறகும் சாப்பாட்டு மேசையில் "நன்றி", "போதும்" தவிர வேறெதுவும் பேச மாட்டாள். வாயைத் திறந்தால் தப்பாகிவிடுமோ என்ற பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கசகசா வைத்துச் சுட்ட இனிப்பு ரொட்டியில் கடைசித் துண்டை அவள் சாயங்காலத்துக்கென்று மூடி வைத்திருந்தாள். சமையலறைக்குள் வந்தபோது பிரோஷ்காவின் மகன் ஜோம்போர் அதை மென்றுகொண்டிருந்தான்.

"டேய், அது நான் எனக்குன்னு எடுத்து வெச்சது! கேட்டுட்டுத் திங்கணும்னு தெரியாதா உனக்கு? மாடு!"

அத்தனையும் ஹங்கேரிய மொழியில் வந்தது. பிரோஷ்கா அடுப்பை விட்டுத் திரும்பிக் கைதட்டினாள்.

"ஒரு தப்புகூட இல்லையேடி! 'மாடு' எங்க கத்துக்கிட்ட?"

"நீங்கதானே தினமும் இவனை அப்படிக் கூப்பிடுறீங்க, ஆன்ட்டி."

"திட்டு எனக்கு, கைதட்டல் இவளுக்கா?" என்றான் ஜோம்போர், வாய் நிறைய ரொட்டியோடு.

ரெனாட்டாவுக்குக் கோபம் தணியவில்லை. அன்று படுக்கப் போகும்வரை அவனோடு சண்டை போட்டாள், தப்பும் தவறுமாக, ஆனால் நிறுத்தாமல்.