நான் வெளியே நின்ற பேட்டி

நேற்று பேருந்து நிலையத்தில் காளி வேடம் போட்ட ஒருவர் என் முன் தட்டை நீட்டினார். குலசைத் தசராவுக்கு மாலை போட்டவர்கள் இப்படி வேடம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை வாங்குவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முகத்தில் பூசிய கருஞ்சாயம் வெயிலில் இளகி எண்ணெய் நெடி அடித்தது. எனக்கு ரூத்தின் ஞாபகம் வந்தது.

ரூத் ஜாம்பியாக்காரர். அங்கே ஒரு மாவட்ட அலுவலகத்தில் அதிகாரி. தொண்ணூறுகளின் பின்பாதியில் பொது நிர்வாகம் படிக்கப் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தார். ஊராட்சிகளில் பெண்கள் தலைவர்களாகியிருந்த புதிது. அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுவதுதான் அவருடைய ஆய்வு. அதை முடித்தால் ஊரில் மாவட்டத் தலைமைப் பதவி; இல்லாவிட்டால் பழைய நாற்காலிதான். நான் அப்போது ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். என் ஆங்கிலத்தை நம்பி மொழிபெயர்க்கக் கூட்டிப்போன ஒரே ஆள் அவர்தான்.

களக்காட்டுப் பக்கம் ஒரு கிராமம். அப்போதும் தசரா நேரம். பேருந்தைவிட்டு இறங்கியதும் டீக்கடையில் ஒருவர் கத்தினார்: "ஏலே, காளி வேசம்லே! என்னமா பூசியிருக்கு பாரு!"

வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து, ரூத்தின் கையில் ஒரு ரூபாயை வைத்துக் கும்பிட்டாள். "ஆத்தா, எம்புள்ளைக்கு ஒரு நல்ல வழிய காட்டு."

அவரைக் காளி வேடக்காரர் என்று நினைத்துவிட்டதை ரூத்துக்கு விளக்கினேன். ரூத் சிரிக்கவில்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து யாரிடமும் கைநீட்டி வாங்கியதில்லை, திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டார். சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பக் கூடாது என்றேன். காசைப் பொத்திக்கொண்டே நடந்தார்.

ஊராட்சி அலுவலகத்தில் தலைவியின் நாற்காலியில் அவருடைய கணவர் உட்கார்ந்திருந்தார். தலைவி பார்வதி சுவரோரம் நின்றார். கேள்வி அவரிடம், பதில் கணவரிடமிருந்து.

"அவளுக்கு என்னவே தெரியும்? கையெழுத்துப் போடுவா. மத்தத நாஞ் சொல்லுதேன், எழுதிக்கிடும்."

ரூத் பேனாவை மூடினார். ஆண்கள் வெளியே போகவேண்டும் என்றார். வெளிநாட்டு அதிகாரி என்ற தயக்கத்தில் கணவர் எழுந்தார். மொழிபெயர்ப்பவனும் ஆண்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வேப்பமரத்தடியில் நின்றோம். "பாஷை தெரியாம உள்ள என்னத்தவே பேசுதாளுவ?" என்றார் கணவர்.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து பார்வதியின் குரல் கேட்டது, நிற்காமல். நடுவே ரூத்தின் குரல். ஆங்கிலத்தில் அல்ல, அவருடைய சொந்த மொழியில். இருவரும் சிரித்தார்கள். அப்புறம் யாரோ அழுதார்கள். யார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

திரும்பும் பேருந்தில், என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "எல்லாம்," என்றார் ரூத். ஆய்வில் எழுத ஒரு வாக்கியமும் இல்லை.

மற்ற ஊர்களிலும் கணவர்களே பேசினார்கள். அதையே மனைவிகள் சொன்னதாக எழுதிவிடலாம் என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னாராம். ரூத் எழுதவில்லை. பட்டம் இல்லாமல் ஊர் திரும்பினார். பழைய நாற்காலியிலேயே ஓய்வு பெற்றார் என்பது, அவர் இறந்தபின் மகள் அனுப்பிய மின்னஞ்சலில் தெரிந்தது.

பார்வதி அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. கணவர் தன் அண்ணன் மனைவியை நிறுத்தினார். பார்வதி இறந்தும் சில வருஷமாகிறது. அவர் தலைவியாக இருந்து சொல்ல நினைத்ததை ஒரே ஒருத்திதான் கேட்டாள். அவளுக்கும் அதில் ஒரு சொல் புரிந்திருக்காது.