ஓடும்போதே உருவுகிறவர்

பிடுங்குகிறார், திரையைப் பார்க்கிறார், மறுபடி செருகுகிறார். ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து டிஸ்க்கை, அடுக்கிலிருந்து நோட்டை உருவுவதுபோல் உருவி, கணினி நின்றுபோகாவிட்டால் தாளில் ஒரு கோடு போடுகிறார். மதியத்துக்குள் தாள் நிறைந்துவிட்டது. கட்டைவிரலில் பிளாஸ்திரி. அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ‘பிடுங்கி அக்கா’. அவருக்கும் தெரியும். “வேற என்னத்தப் புடுங்குறேன், சரியாத்தான் வெச்சிருக்காங்க” என்பார், சிரிக்காமல்.

ஐம்பது தாண்டியவர். நாற்காலியில் உட்காரும்போது யாரோ இறக்கி வைத்த மூட்டைபோல உட்காருவார். அவருடைய தங்கை ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அங்கே ஸ்கேன் படங்களைச் சேமிப்பது எங்கள் நிறுவனம் செய்த கணினி. அதில் ஒரு டிஸ்க் கெட்டால், மாற்றுவதற்கு முழுக் கணினியையும் அணைக்க வேண்டும். அது எழும்வரை வலியோடு வந்தவர்கள் வராந்தாவில் காத்திருப்பார்கள்; வசவெல்லாம் தங்கைக்கு. அணைக்காமலே மாற்றும் வசதியைக் கணினியை இயக்கும் மைய நிரலான கெர்னலில் சேர்க்கும் வேலையை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார்.

“டிஸ்க் போயிடுச்சுன்னு கெர்னலுக்குச் சொல்றது பெரிய விஷயமில்ல. அதைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற ஒவ்வொரு புரோகிராம்கிட்டயும் சொல்லணும். ஒருத்தன விட்டாலும் போச்சு.”

யாரோ விடுபட்டிருந்தார்கள். நானூறு முறைக்கு ஒருமுறை கணினி கல்லாய் நின்றது. உலகெங்கும் பலர் சேர்ந்து எழுதும் அந்தக் கெர்னலுக்குள் எதைச் சேர்ப்பது என்று முடிவுசெய்பவர் வேறொரு நாட்டுக்காரர், மின்னஞ்சலில் மட்டுமே அறிமுகம். அக்கா எழுதியதை ஆறு முறை திருப்பி அனுப்பினார். அவருக்கு அக்கா வைத்த பெயர் ‘மாமனார்’. அவர் பதில் வந்த நாளெல்லாம், மாமனாருக்கு இன்னும் மனசு குளிரவில்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைப்பார்.

நானூற்றில் ஒன்றுதானே, இப்படியே கொடுத்துவிடலாம் என்றார் மேலாளர்.

“அந்த ஒண்ணு வர்றப்ப ஸ்கேன் மேசைல யாரு படுத்திருப்பாங்கன்னு நமக்குத் தெரியாது சார்” என்றார் அக்கா. குரல் உயரவில்லை. மேலாளர் இரண்டு வாரம் கொடுத்தார்.

பத்தாம் நாள் கோளாறு பிடிபட்டது. பழைய டிஸ்க் முழுதாக விடைபெறுமுன் புதியது அதே இடத்தில் வந்து உட்கார்ந்தால், பழையதற்கென்று கிளம்பிய வேலை ஒன்று புதியதன் தலையில் விழுந்தது. திருத்தம் நான்கே வரி. “பதினோரு மாசத்துக்கு நாலு வரி” என்று மேசையில் தலை சாய்த்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன், தூங்கிவிட்டிருந்தார். மாமனாரிடமிருந்து ஒரே சொல்லில் பதில் வந்தது: சேர்த்தாயிற்று.

மருத்துவமனைக் கணினிக்குப் புதிய கெர்னல் ஏறிய மறுமாதம், அங்கே ஒரு டிஸ்க் கெட்டது. நாங்களும் போனோம். டெக்னீஷியன் கணினி அறைக்குள் போய் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். அக்கா வராந்தா பெஞ்சில், நோயாளிகள் வரிசையில் ஓர் ஓரமாக உட்கார்ந்தார். ஸ்கேன் அறைக் கதவைத் திறந்த தங்கை, எப்போது மாற்றப்போகிறீர்கள் என்று எங்களைக் கேட்டாள்.

“மாத்தியாச்சு” என்றார் அக்கா.

தங்கை தலையசைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி எழுந்து வந்தார். அக்கா தன் கால்களை உள்ளே இழுத்து அவருக்கு வழிவிட்டார்.